பதம் பண்ணாத தோல்

பாட்டு என்று வந்துவிட்டால் லோகநாதனுக்கு மானம், வெட்கம் எதுவும் கிடையாது. கூத்து என்றால் கட்டியக்காரன் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவான். ஆம்பூர் தர்கா சந்தனக்கூட்டில் கவ்வாலி என்றால் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவான். டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு வந்தால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். மார்கழி பிறந்தால் குடியாத்தம் தறிக்காரத் தெருவில் பஜனைக் கோஷ்டிக்கு ஆர்மோனியம் போடுவதும் அவன்தான்.

"உனுக்கு நாக்கே கெடயாதுடா, எதப் போட்டாலும் துன்னுவ" என்பான் மஹபூப் பாஷா. ஆம்பூரில் லோகநாதன் ஃபிட்டராக இருந்த, தோல் பதம் பண்ணுகிற ஷாப்பில் ஊறல் தொட்டிகளுக்கு மேஸ்திரி அவன். லோகநாதனுக்கு ஒரே தோஸ்த்.

பாஷா சொன்னது பாதிதான் சரி. எத்தனை பலகாரம் தின்றாலும் கடைசியில் ஒரு வாய் ரசஞ்சோறு விழுந்தால்தான் சிலருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். லோகநாதனுக்கும் அப்படி ஒரு ரசஞ்சோறு இருந்தது. அது கடல் தாண்டி வந்ததுதான் வினையாகப் போயிற்று.

ஐம்பத்தேழில் ஷாப்புக்குத் தோல் சீவுகிற மிஷின் ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு துரையும் கூடவே வந்தார். கிளைட் என்று பெயர். அந்த நாட்டிலும் பட்டணத்துக்காரர் இல்லை, ஏதோ மலைச்சீமைக்காரர். பகலெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு மிஷினோடு மல்லுக்கட்டுவார். சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸ் படியில் உட்கார்ந்து பாஞ்சோவை எடுப்பார். சின்னத் தப்பட்டை ஒன்றுக்கு நீளமாகக் கழுத்து வைத்து ஐந்து தந்தி கட்டினால் எப்படி இருக்கும், அதுதான் பாஞ்சோ. நாலு தந்தி முழுசு. ஐந்தாவது மட்டும் பாதிக் கழுத்தில் ஆரம்பிக்கும் குட்டை. மற்ற தந்திகள் எங்கே ஓடினாலும் அது ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு சுருதி விடாமல் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாள் அதைக் கேட்டபோது லோகநாதன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். விரல்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் கல்யாண வீடு. மேலே துரை மூக்கிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் இழுத்துப் பாடுகிற குரலைக் கேட்டால் சாவு வீடு. இரண்டும் எப்படி ஒரே பாட்டில் இருக்கும்? வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது. துரை பார்த்துவிட்டார். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தன் தாய்மாமன் உடம்பைத் தூக்கி வந்த அன்றைக்கு அம்மா பாடிய பாட்டு இது என்று பாதி இங்கிலீஷிலும் பாதிக் கைஜாடையிலும் சொன்னார். இந்த ஜாதிப் பாட்டுக்குப் பெயர் புளூகிராஸ் என்றார்.

"அப்டின்னா நீலப்புல்லு" என்று லோகநாதன் பாஷாவுக்கு விளக்கம் சொன்னான்.

"புல்லு நீலமா இருந்தா மாடு துன்னுமாடா?" என்றான் பாஷா. ஆனால் அவனும் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தான்.

துரை கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். ஒரு நாள் மட்டும் கோபப்பட்டார். லோகநாதன் உற்சாகத்தில் சந்தனக்கூட்டில் கேட்ட கவ்வாலி ஒன்றைப் பாஞ்சோவில் எடுத்துவிட்டான். பாஷா தொடையைத் தட்டினான். துரையின் உள்ளங்கை வந்து தந்திகளின் மேல் பட்டென்று விழுந்தது. இதில் இதுதான், அதற்கு வேறு வாத்தியம் பார்த்துக்கொள் என்றார். எந்தச் சீமையிலும் ஆளுக்கு ஒரு வேலி உண்டு போலிருக்கிறது என்று லோகநாதன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். ஆனாலும் ஊருக்குத் திரும்பும்போது துரை பாஞ்சோவை அவன் கையில்தான் கொடுத்தார். கப்பலை விட்டு இறங்கினால் வேறு வாங்கிக்கொள்வேன், உனக்கு இங்கே வேறு கிடைக்காது என்றார்.

அடுத்த ஐப்பசி அடைமழையில் பாஞ்சோவின் தோல் நைந்து கிழிந்தது. தோல் ஊரில் தோலுக்கா பஞ்சம்! லோகநாதன் ஷாப்பில் இருந்ததிலேயே வழவழப்பான, மெருகு போட்ட ஆட்டுத்தோலை ஒரு துண்டு வாங்கி இழுத்துக் கட்டினான். தட்டினால் தலையணையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பாஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏண்டா, இத்தினி வருஷம் தோல் ஷாப்புல இருந்துக்கினு இது கூடவா தெரியல? பதம் பண்ண தோலு பேசுமாடா? அது வாய மூடணும்னு தானே கடுக்கா, ஆவாரம்பட்டைத் தண்ணின்னு போட்டு ஊற வெக்கறோம். பேசறதுக்குப் பச்சத் தோலு வேணும்."

அவனே ஒரு பச்சை ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, நிழலில் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் கட்டியதும் பாஞ்சோ மறுபடியும் பேசியது.

வீட்டில் அதைக் கேட்க ஒரு ஆள் இருந்தாள். லோகநாதன் பெண்சாதி கமலம். பஜனைக் கோஷ்டியின் தலைவர் கங்காதர முதலியாரின் ஒரே மகள். தாயில்லாமல் அப்பன் கையில், கோஷ்டியின் நடுவில் வளர்ந்தவள். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பாடக் கற்றுக்கொண்டவள் என்று தெருவில் சொல்வார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கமலம் ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றுவாள், லோகநாதன் எதிரில் உட்கார்ந்து பாஞ்சோ வாசிப்பான். துரையின் அம்மா பாட்டு அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ராட்டை சுழல்கிற வேகத்துக்கு அதை முனகுவாள்.

"துரை பாட்டுன்றீங்க, எனுக்கு என்னவோ நம்ம வூட்டுப் பாட்டாட்டம் இருக்குது" என்பாள். "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னா என்னால ஆவாது. எங்கப்பா பஜனையும் வேணும், இதுவும் வேணும்."

அவள் சொல்லி முடித்த வாய் மூடவில்லை, ரெண்டில் ஒன்று என்று கேட்கிற நாள் வந்தது.

தப்பு லோகநாதனுடையதுதான் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். வைகுண்ட ஏகாதசி. பெருமாள் எல்லாப் பாட்டையும் கேட்கிறவர்தானே என்று அந்த அசடு நினைத்துக்கொண்டது. ஆர்மோனியத்தை வீட்டில் வைத்துவிட்டு, பாஞ்சோவைத் தோளில் மாட்டிக்கொண்டு கோஷ்டியோடு கிளம்பிவிட்டான். முதல் பாட்டுக்குப் பாஞ்சோ கலகலவென்று ஓடியதும் கங்காதர முதலியார் நடுத்தெருவில் நின்றார்.

"இன்னா மாப்ள இது?"

"பாஞ்சோ, மாமா. சுருதி நல்லா நிக்குது, கேட்டுப் பாருங்க."

"மார்ல கட்டிக்கினு இருக்கறது இன்னா தோலு?"

"ஆட்டுத்தோலு."

"ஆட்டுத்தோல மார்ல கட்டிக்கினு பெருமாள் முன்னால வர்றியா?" முதலியாருக்கு மீசை ஆடியது. "யார் கையால வாங்கன தோலு? எந்த சாஸ்திரத்துல இருக்குது இது?"

முதலியாருக்குப் பின்னால் ஒருவர் மிருதங்கத்தை அணைத்துக்கொண்டு நின்றார். அதில் இருந்தது மாட்டுத்தோல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். லோகநாதன் விரலை நீட்டி அதைக் காட்டியும் விட்டான். கேள்விக்குப் பதில் இல்லாதவனுக்கு வருகிற கோபம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியாது? முதலியார் அங்கேயே, பெருமாள் படத்தின் முன்னால், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அந்தத் தப்பட்டைய விட்டொழிக்கற வரைக்கும் என் கோஷ்டி உன் வாசப்படி மிதிக்காது. நல்லதுக்கும் வராது, கெட்டதுக்கும் வராது."

தறிக்காரத் தெருவில் கெட்டதுக்குக் கோஷ்டி வராது என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. அங்கே யார் செத்தாலும் கோஷ்டி விளக்கு பிடித்து முன்னால் பாடிக்கொண்டு போகும். பாதி வழியில் பாடையை இறக்கிவைத்துத் திசை மாற்றுவார்கள். அந்த இடத்தில் கடைசியாக ஒரு பாட்டு. அந்தப் பாட்டு இல்லாமல் போகிறவர்கள் நாதியற்றவர்கள் என்று கணக்கு.

லோகநாதன் பாஞ்சோவை விடவில்லை. பிடிவாதம் என்று சொல்லலாம். அவனைக் கேட்டால், "நான் எத விட்டேன்? பஜனைய விட்டேனா, கவ்வாலிய விட்டேனா? இத மட்டும் ஏன் வுடணும்?" என்பான். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு யாரும் இதுவரை பிழைத்ததில்லை. அந்த மார்கழியிலிருந்து கோஷ்டி அவன் வீடு வந்ததும் பாட்டை நிறுத்தும், அடுத்த வீடு வந்ததும் ஆரம்பிக்கும். கமலம் கோலத்தைப் போட்டுவிட்டு விளக்கோடு வாசலில் நிற்பாள். அப்பன் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவார்.

"பேஜார் படாதீங்க. எங்கப்பாவ நான் பாத்துக்கறேன், கொஞ்சம் பொறுங்க" என்பாள் புருஷனிடம்.

இரண்டு வருஷம் போயிற்று. கமலத்துக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. கால் வீங்கியது. வேலூரில் பெரிய டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றார். பக்குவம் பார்க்க வீட்டில் வேறு பெண்துணை இல்லை. கொஞ்ச நாள் அப்பன் வீட்டில், அத்தையின் கவனிப்பில் இருந்துவிட்டு வந்தாள். லோகநாதன் போய்ப் பார்த்துவிட்டு வருவான், பாஞ்சோ இல்லாமல். மாமனார் அவன் வருகிற நேரம் பார்த்து வெளியே போய்விடுவார். ஆனால் மற்ற நேரமெல்லாம் மகள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து அவளைப் பாடச் சொல்லிக் கேட்கிறார் என்று அத்தை சொன்னாள்.

கமலம் வீட்டுக்குத் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. உடம்பு தெளியவில்லை.

"கேளுங்க" என்றாள் ஒரு மத்தியானம். "நான் போறப்போ எங்கப்பா கோஷ்டி பாடணும். பாட்டு இல்லாம என்னத் தூக்கிக்கினு போய்டாதீங்க."

"போறதப் பத்தி இப்ப எதுக்குப் பேச்சு?"

"சரின்னு சொல்லுங்க."

"சரி."

"அதுக்காக அத ஒடச்சிடாதீங்க. நான்தான் பாத்துக்கறேன்னேனே. இன்னும் கொஞ்ச நாளு. அப்பா வழிக்கு வந்துக்கினே இருக்காரு."

அந்தக் கொஞ்ச நாள் கிடைக்கவில்லை. பங்குனி வெயிலில், காலையில் கஞ்சி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

தெரு கூடிவிட்டது. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். ஓரத்தில் மூன்று கல் வைத்து, குளிப்பாட்ட அண்டாவில் தண்ணீர் ஏற்றினார்கள். கங்காதர முதலியார் வந்தார். மகள் காலைப் பிடித்துக்கொண்டு பெரிய குரலில் அழுதார். அழுது முடித்து வெளியே வந்து பந்தல் காலில் சாய்ந்து நின்றார். கோஷ்டி வரவில்லை. தெருமுனையில், பஜனை மண்டபத்து வாசலில், விளக்கை ஏற்றாமல் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள்.

லோகநாதன் மாமனார் எதிரில் போய் நின்றான்.

"மாமா, கோஷ்டிய வரச் சொல்லுங்க."

"நான் அப்பனா வந்துக்கிறேன். கோஷ்டி வராது." முதலியார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பெருமாள் முன்னால சொன்ன சொல்லு. என் பொண்ணுக்குன்னு மாத்துனா நாளைக்கி எவன் மதிப்பான்?"

"உங்க பொண்ணு கேட்டுக்கினா மாமா. பாட்டோட போவணும்னு."

"அப்ப நீ இன்னா பண்ணணும்னு உனுக்குத் தெரியும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால்! அந்த மனிதர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொல் மட்டும் அசையவில்லை. லோகநாதனுக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. உடனே கமலம் நினைவு வந்தது. உடைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னாள், பாட்டு இல்லாமல் தூக்கிவிடாதீர்கள் என்றும் சொன்னாள். இரண்டையும் காப்பாற்ற வழி இருந்தால் அவள்தான் சொல்ல வேண்டும், அவளோ உள்ளே வாய்க்கட்டு கட்டிப் படுத்திருக்கிறாள்.

உள்ளே போய் ஆணியில் தொங்கிய பாஞ்சோவை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

"அத நான் தொட மாட்டேன்" என்றார் முதலியார். "அதோ அடுப்பு."

அண்டா அடுப்பில் லோகநாதன் அதைத் தன் கையாலேயே வைத்தான். தோல்தான் முதலில் சுருண்டது. மயிர் பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. அப்புறம் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக டங், டங் என்று அறுந்தன. கழுத்து நல்ல வைரம் பாய்ந்த மரம், நின்று எரிந்தது. அந்த வெந்நீரில்தான் கமலத்தைக் குளிப்பாட்டினார்கள்.

முதலியார் தெருமுனையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அங்கே விளக்கு ஏறியது. மிருதங்கம், ஜால்ராவோடு கோஷ்டி வாசல் மிதித்தது.

பிள்ளை இல்லாததால் தீச்சட்டி லோகநாதன் கையில். கோஷ்டி முன்னால் பாடிக்கொண்டு போயிற்று. வழக்கமான பாட்டுகள்தான், அவன் ஆர்மோனியத்தில் எத்தனையோ தடவை வாசித்தவை. அவற்றின் மேல் அவனுக்கு இன்றைக்கும் கோபம் வரவில்லை. பாட்டு என்ன செய்யும், பாவம். நல்லாத்தான் பாடுகிறார்கள், கமலம் கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தான். கூட்டத்துக்குப் பின்னால், தள்ளி, மஹபூப் பாஷா தலையில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

ஆற்றுக்குப் போகிற வழியில் புளியமரத்தடியில் பாடையை இறக்கினார்கள். கங்காதர முதலியார் தானே முன்னால் வந்தார். கண்ணை மூடி, மூக்கிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் இழுத்து ஆரம்பித்தார்.

ஏழு மலை ஏறி வந்தேன் எம்பெருமானே, என்
கால்வலியை நீயறிவாய் எம்பெருமானே

லோகநாதனுக்குக் கையில் இருந்த சட்டி நழுவப் பார்த்தது. வார்த்தை புதுசு. மெட்டு துரையின் மெட்டு. சுரங்கத்திலிருந்து தூக்கி வந்த மாமனுக்கு அந்த அம்மா பாடியது. கமலம் ராட்டையில் முனகியது. எந்த இடத்தில் குரல் ஏறி உடைய வேண்டுமோ அந்த இடத்தில் முதலியார் குரல் ஏறி உடைந்தது. கோஷ்டி மொத்தமும் திருப்பிப் பாடியது. அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது, பாடிப் பாடி ஏறிய பாட்டு என்று கேட்டாலே தெரிந்தது.

பாட்டு முடிந்து பாடையைத் திருப்பிவைத்தார்கள். லோகநாதன் மாமனாரிடம் போனான்.

"மாமா, இந்த மெட்டு..."

"கமலத்தோட அம்மா மெட்டு" என்றார் முதலியார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தொட்டில்ல போட்டு அவ பாடுனதாம். கொழந்தைக்கி ஞாபகம் இருந்துக்குது, எனுக்குத் தான் மறந்து போச்சி. போன வருஷம் வூட்ல படுத்திருந்தப்போ கமலமே சொல்லிக் குடுத்தா. அவளே கட்டுன பாட்டு. இப்ப மண்டபத்துல எங்க கோஷ்டி இது இல்லாம ஒக்கார்றதே கெடயாது."

லோகநாதன் சட்டியை மறுகைக்கு மாற்றினான்.

"கேட்டியா?" என்றார் முதலியார். குரலில் கோபம் இல்லை, ஏறக்குறைய அன்பாகவே கேட்டார். "இதுக்குப் பேரு மெட்டு. இத்தினி வருஷம் இத வூட்லயே வெச்சிக்கினு, எவனோ வெள்ளக்காரன் தப்பட்டையக் கட்டிக்கினு அழுதியே, மாப்ள."

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை போதும், கிழவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொன்னால் கோஷ்டி அங்கேயே நிற்கும், ஜால்ரா நிற்கும், தீட்டு, துரோகம் என்று புளியமரத்தடியில் பஞ்சாயத்து கூடும். கமலம் மிச்ச வழியைப் பாட்டு இல்லாமல் போக வேண்டியிருக்கும். பொய் சொன்னவள் என்று அப்பன் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

"ஆமா மாமா" என்றான்.

சட்டியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆறு வரைக்கும் அந்தப் பாட்டையே பாடினார்கள்.

எல்லாம் முடிந்தது. ஆற்றில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு ஏறி வந்தபோது, கரையில் மஹபூப் பாஷா தனியாகக் காத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தாண்டிப் போகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லோகு, அங்க கடைசில பாடனாங்களே..." என்றான் பாஷா. "அது நம்ம தொர பாட்டு இல்ல?"

லோகநாதன் வேட்டி முனையைப் பிழிந்தான். கங்காதர முதலியார் ஏதோ நினைத்து நின்று, மாப்பிள்ளை வருகிறானா என்று திரும்பிப் பார்த்தார்.

"இல்லடா" என்றான் லோகநாதன். "அது எங்க மாமியார் தாலாட்டு."